டில்லி வைத்த பெயரும் உழவர் வைத்த பெயரும்

2023ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாளிட்டு டில்லியிலே ஓர் உத்தரவு பிறந்தது. வானொலி நிலையங்கள் இனித் தம்மை 'ஆல் இந்தியா ரேடியோ' என்று அறிவித்துக்கொள்ளக் கூடாது; 'ஆகாசவாணி' என்றே அறிவிக்க வேண்டும்; அதுவும் உடனே! பிரசார் பாரதிச் சட்டத்திலேயே அந்தப் பெயர்தான் இருக்கிறது, இத்தனை காலம் இரண்டு பெயரும் புழங்கின, இப்போது ஒன்றாக்குகிறோம், இதிலே புதிதாக எதுவும் இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். தி.மு.கழக நாடாளுமன்றக் குழுத் தலைவர் டி.ஆர்.பாலு, உத்தரவைத் திரும்பப் பெறுக என்று மத்திய அமைச்சருக்கு எழுதினார். உத்தரவு திரும்பவில்லை. எட்டு மாதம் சென்றது. 2024 சனவரி 19ஆம் நாள், தொலைக்காட்சியிலே 'பொதிகை' என்றிருந்த பெயர் போய் 'டிடி தமிழ்' என்றாயிற்று. அங்கே தமிழ் மலையின் பெயர் இறங்கிற்று. இங்கே வடமொழி ஆகாயத்தின் பெயர் ஏறிற்று!

"பெயரிலே என்ன ஐயா இருக்கிறது? பாட்டுக் கேட்டோமா, செய்தி கேட்டோமா என்றிருப்பதை விட்டு, பெட்டிக்கு என்ன பெயர் என்று சண்டை பிடிப்பானேன்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. ஒன்றும் இல்லையென்றால் உத்தரவு எதற்கு என்று நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு விருதுநகரிலே தியாகி சங்கரலிங்கனார் உண்ணா நோன்பு தொடங்கி, 76 நாள் கிடந்து, அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தாரே, அவருடைய கோரிக்கைகளிலே தலையாயது எது? இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பதல்லவா? அன்றைக்கும் இதே பெரிய மனிதர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1969 சனவரி 14இலே பெயர் மாறியது. வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் வானொலியைப் பற்றிய வழக்கைப் பெயரோடு முடித்துவிட முடியாது. பெயர் என்பது வாசற்படி. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குத் திருச்சிராப்பள்ளியை விடத் தக்க இடம் கிடையாது.

திருச்சி கண்டோன்மெண்டிலே பாரதிதாசன் சாலை என்று ஒரு சாலை. அந்தச் சாலையிலே இருக்கிறது வானொலி நிலையம். புரட்சிக் கவிஞர் பெயர் தாங்கிய சாலையிலே இருந்துகொண்டு 'ஆகாசவாணி' என்று அறிவித்தாக வேண்டும். இதை வேடிக்கை என்பதா, வேதனை என்பதா, படிப்பவரே தீர்மானிக்கட்டும்.

அந்த நிலையம் பிறந்த நாள் 1939 மே 16. திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் இராசகோபாலாச்சாரியார். காலத்தைக் கவனிக்க வேண்டும். முந்திய ஆண்டிலேதான் அவரது அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் இதே திருச்சியிலிருந்துதான், உறையூரிலிருந்துதான், பட்டுக்கோட்டை அழகிரியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உடன் வர, தமிழர் படை சென்னை நோக்கி நடந்தது. செப்டம்பர் 11இல் சென்னை போய்ச் சேர்ந்தது. 1939 சனவரியிலே நடராசன் சிறையுண்டு மாண்டார். மார்ச்சிலே தாளமுத்து மாண்டார். மே மாதத்திலே திருச்சியில் வானொலி! ஒரு கையிலே இந்தி. மறு கையிலே தமிழ் பேசும் பெட்டி. ஆட்சியாளர் கையிலே ஒரே சமயத்தில் இரண்டும் இருந்தன என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

உலகத்திலே வானொலிக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. 1920 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை ஒலிபரப்பிய நிலையத்தைத் தொடக்கமாகச் சொல்வார்கள். பிரிட்டனிலே பி.பி.சி. 1922 நவம்பரில் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டிலே சென்னை விழித்துக்கொண்டது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924 மே 16இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்து, சூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் நின்றது. கருவியைக் கிளப் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது! தெருவிளக்கும் குடிநீரும் பார்க்கிற மன்றம், மக்களுக்குப் பாட்டும் பேச்சும் தருவதும் தன் கடமை என்று எட்டு ஆண்டு நடத்திக் காட்டியது. டில்லியின் துணையில்லாமல், வைசிராயின் வரம் கேளாமல் நடந்த காரியம் அது. 1938 சூன் 16இல் சென்னைக்கு அகில இந்திய வானொலி நிலையம் வந்ததும் மாநகராட்சியின் பணி முடிந்தது.

சென்னைக்கு அடுத்த ஆண்டே திருச்சிக்கு 5 கிலோவாட் மத்திய அலைக் கருவி. ஏன் திருச்சி? நில வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். கிழக்கே தஞ்சைத் தரணி, தெற்கே புதுக்கோட்டையும் மதுரையும், மேற்கே கரூரும் கோவையும், வடக்கே சேலம். தமிழகத்தின் தொப்புள் அது. மத்திய அலை தரையோடு தழுவிச் செல்லும். வயலைத் தாண்டும், வாய்க்காலைத் தாண்டும். 1947 ஆகஸ்டிலே நாடு இரண்டானபோது இந்தியாவுக்கு மிஞ்சிய வானொலி நிலையங்கள் மொத்தம் ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலட்சுமணபுரி, திருச்சிராப்பள்ளி. ஆறிலே இரண்டு தமிழ் நிலத்தில்! இன்றைக்கு அதைச் சொன்னால் டில்லியில் பலர் நம்பமாட்டார்கள்.

நிலையம் தமிழ் நிலத்திலே இருந்தது, பாட்டு? அந்தக் கேள்வியும் அப்போதே எழுந்தது. 1941 ஆகஸ்டிலே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியபோது, அரங்குகளிலும் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் ஓங்கியது. தமிழ்ப் பாட்டா, துக்கடா என்று சபாக்காரர்கள் உதட்டைப் பிதுக்கிய காலம். தமிழிசைக்காகக் கல்கி போன்றோரே, வேறு பலவற்றில் நமக்கு எதிர்ப்புறம் நின்றவர்களே, பேனா பிடித்தார்கள். வானொலி இளகியது. தானாக இளகவில்லை, நேயர் குரல் கேட்டு இளகியது.

இனிப் பெயரின் பிறப்பைப் பார்ப்போம். 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரும் நம் பாட்டன் வைத்ததல்ல. பி.பி.சி.யிலிருந்து 1935இல் வந்த லயனல் பீல்டன் என்ற வெள்ளைக்காரர், விருந்தொன்றிலே வைசிராய் லின்லித்கோவைப் பிடித்து, பேச்சோடு பேச்சாக அவர் வாயிலிருந்தே அந்தப் பெயர் வரும்படி செய்துவிட்டதாகப் பின்னாளில் தாமே எழுதினார். 1936 சூன் 8 முதல் அது நிலைத்தது. 'ஆகாசவாணி' என்பது, மைசூரிலே பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி தம் வீட்டிலே 1935இல் தொடங்கிய சிறு வானொலிக்குச் சூட்டிய பெயர். மைசூரிலே இருந்தவரை அது ஒரு நிலையத்தின் அழகுப் பெயர். 1957இலே டில்லி அதை எடுத்து எல்லாருக்கும் சூட்டியபோது அது கட்டளை ஆயிற்று. நமக்கோ இந்த இரண்டும் வேண்டியதில்லை. 'வானொலி' என்ற சொல் ஊர்தோறும் வழங்குகிறது, பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும், பாட்டிக்கும் தெரியும். ஆங்கிலப் பெயரை நீக்க வேண்டுமென்றால், நீக்கட்டும்! அந்த இடத்திலே தமிழ் ஒலிபரப்பில் 'வானொலி' என்று சொல்வதை எந்தத் தத்துவம் தடுக்கிறது?

கட்டளைக்கும் காதுக்கும் என்ன உறவு என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1952 முதல் பத்தாண்டு பி.வி.கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரி. சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். சாத்திரிய சங்கீதத்தை ஊட்டினால் சனங்கள் திருந்திவிடுவார்கள் என்று நம்பினார். சனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, கல்லெறியவில்லை. முள்ளைத் திருப்பினார்கள்! இலங்கை வானொலி வந்தது. மயில்வாகனனின் தமிழ் வந்தது. டீக்கடைப் பெட்டியிலிருந்து பஞ்சாயத்துப் பெட்டி வரை கொழும்பு பாடியது. டில்லி திகைத்து, 1957 அக்டோபர் 3இலே 'விவித பாரதி' என்று ஒரு தனி ஒலிபரப்பைத் தொடங்கி, தான் துரத்திய சினிமாப் பாட்டைத் தானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது. அந்தப் பெயரும் வடமொழிதான் என்பது வேறு கதை.

முள் இருக்கிறதே, அது நேயரின் கையிலே இருக்கிற வாக்குச் சீட்டு. அது டில்லிக்கு எதிராக விழுந்த கதை மேலே சொன்னது. டில்லியே எதிர்பாராதவாறு வானொலிக்கு ஆதரவாக விழுந்த கதை இனிச் சொல்லப் போவது. அது நடந்ததும் திருச்சி நிலையத்திலேதான்.

1960இலே தஞ்சை மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், சப்பானிய ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் ஒட்டி ஒரு புது நெல்லை ஆக்கியது: ஏ.டி.டி.27. சுமார் 105 நாளிலே அறுவடை. குறுவைக்கு ஏற்றது, அதை அறுத்துவிட்டுத் தாளடியும் போடலாம். ஆனால், தஞ்சை மிராசுதார் சர்க்கார் அதிகாரி சொன்னதைக் கேட்டு விதையை மாற்றுகிற ஆளா? பாட்டன் விதைத்ததை விதைப்பவர். கிராம சேவகர் சைக்கிளிலே எத்தனை ஊர் போவார்? அச்சிட்ட துண்டுத் தாளை எத்தனை பேர் படிப்பார்?

வானொலி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கேட்டு, கலந்து பேசி, செய்து பார்ப்பது என்ற முறையிலே 1956இல் பூனா வட்டாரத்திலே 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை யுனெஸ்கோ துணையோடு நடத்திப் பார்த்திருந்தார்கள். கானடா நாட்டிலிருந்து வந்த யோசனை அது. 1966இலே பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் சில நிலையங்களிலே தனியாக ஏற்பட்டன. திருச்சி அவற்றுள் ஒன்று. விவசாயம் படித்தவர்களை நிலையத்திலேயே அமர்த்தினார்கள். எப்போது நாற்றங்கால், எத்தனை நாள் நாற்று, முதல் மேலுரம் எப்போது, இந்த வாரம் எந்தப் பூச்சி என்பதைப் பருவத்தோடு பருவமாக, அந்தந்த வேலை வரும் நாளிலே, தஞ்சை மண்ணின் பேச்சிலே சொன்னார்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வரப்பிலே இறங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர் தம் வாயாலேயே, இவ்வளவு போட்டேன், இவ்வளவு கண்டேன் என்று பேசினார். அதிகாரி சொன்னால் சந்தேகம். அடுத்த ஊர்ப் பங்காளி சொன்னால்? சந்தேகம் பொறாமையாக மாறும், பொறாமை போட்டியாக மாறும், போட்டி சாகுபடியாக மாறும்! சில பருவங்களுக்குள்ளாகவே குறுவைப் பரப்பின் பெரும்பகுதியை அந்த நெல் பிடித்தது.

கடைக்குப் போய் விதை கேட்ட உழவர் 'ஏ.டி.டி.27' என்று கேட்கவில்லை. 'ரேடியோ நெல்' என்று கேட்டார்! எந்த அமைச்சரும் சூட்டாத பெயர், எந்தச் சட்டத்திலும் எழுதாத பெயர். வானொலி உலக வரலாற்றிலே எத்தனையோ மைல்கற்கள் உண்டு: முதல் தேர்தல் செய்தி, முதல் போர்ச் செய்தி, முதல் படம். ஆனால் தான் சோறாக்கி உண்ணும் தானியத்துக்கு வானொலியின் பெயரை மக்களே வைத்த சிறப்பு திருச்சி நிலையத்துக்குக் கிடைத்தது. இதைக் காட்டிலும் பெரிய விருதை எந்த நிலையம் வாங்கியிருக்கிறது?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. இரண்டு போகம் விளைந்தது, களம் நிறைந்தது, ஆனால் நட்டவருக்கும் அறுத்தவருக்கும் கூலி எவ்வளவு ஏறியது? அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக அல்லவா கீழத் தஞ்சையிலே போராட்டம் மூண்டது? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியிலே 44 உயிர்கள் ஒரே குடிசையிலே தீக்கிரையாயின. நெல்லின் பெயரிலே வானொலி ஏறியது. அறுத்த கைகளின் பெயர் எந்த ரகத்திலும் ஏறவில்லை. ஒரு நிலையம் உழவனுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது, நிலம் உடைய உழவனோடு நிலமற்ற உழவனுக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் பொருள்.

திருச்சிக்கு வடக்கே ஆற்றைக் கடந்தால் திருவரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவு. மார்கழியிலே வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன்னே பரமபத வாசல் திறப்பதைத் திருச்சி வானொலி நேர்முக வர்ணனையாக ஒலிபரப்புவது நீண்ட நாள் வழக்கம். திருவையாற்றிலே நடக்கும் தியாகராசர் ஆராதனையும் அப்படித்தான். கோவில் விழாவை அரசு வானொலி சொல்லலாமா என்ற வாதம் ஒன்று உண்டு. அதை இன்று நாம் எடுக்கவில்லை. நாம் கவனிப்பது அந்த வர்ணனைக்கு வேண்டிய சரக்கை. நாழிகேட்டான் வாசல் எங்கே, ஆயிரங்கால் மண்டபம் எந்தப் பக்கம், பகற்பத்து எது, இராப்பத்து எது, அரையர் பாடுவது எந்த ஆழ்வாரின் தமிழ் என்பதெல்லாம் பேசுபவருக்குக் கையில் ரேகையாகத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் எந்த வீதியிலே திரும்புகிறது என்பதைக் கண்ணால் கண்டு அந்த நொடியிலே சொல்ல வேண்டும். சென்னையிலே உட்கார்ந்துகொண்டு, டில்லியிலே உட்கார்ந்துகொண்டு, இதைச் சொல்ல முடியுமா? நம்புகிறவன், நம்பாதவன் இருவருக்கும் விடை ஒன்றுதான்: முடியாது. நெல்லுக்கும் அதுதான். வெள்ளத்துக்கும் அதுதான்.

ஆம், வெள்ளம்! 2018 ஆகஸ்டிலே காவிரி பெருகியது. திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையிலே, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணையிலே, ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடத்திலே எவ்வளவு போகிறது, காவிரியிலே எவ்வளவு நிற்கும், கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று நாகை வரை உழவன் தவித்தான். அதே ஆண்டு நவம்பர் 16இலே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை வரை தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்தது. செல்பேசிக் கோபுரம் சாய்ந்தால் செல்பேசி வெறும் கண்ணாடி. அப்போது பாட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றுதான் பேசும். அதுவும் பேசுவதற்கு ஒருவர் இருந்தால்.

"தனியார் பண்பலைகள் இருக்கின்றனவே! நாளெல்லாம் சிரித்துப் பேசுகிறார்களே!" என்பார் உண்டு. இருக்கின்றன, சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள். ஆனால் அவர்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி கிடையாது! 2019 முதல், அரசு வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள்; அவ்வளவுதான். சமுதாய வானொலிகளுக்கும் சொந்தச் செய்தி கிடையாது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலே தீர்ப்புச் சொன்ன நாடு இது! ஆகவே, வானொலி வழியாகத் திருச்சி மாவட்டத்திலே முக்கொம்பு உடைந்தது என்று தானே விசாரித்துச் சொல்லும் உரிமை ஒரே ஒரு நிலையத்துக்குத்தான் உண்டு. அந்த நிலையம் சென்னை தருவதையும் டில்லி தருவதையும் வாங்கி அஞ்சல் செய்யும் கம்பமாகச் சுருங்கிவிட்டால், அந்த மாவட்டத்துக்கு வானொலியிலே வாயே இல்லை என்று பொருள்.

வானொலி அரசின் கையிலே இருந்ததை நாம் புதிதாகக் கண்டுபிடித்துப் புலம்பவில்லை. 1967இலே தமிழகத்திலே ஆட்சி மாறியதே, அந்த வெற்றி வானொலியால் வந்ததா? மேடையால் வந்தது, ஏட்டால் வந்தது, நாடகத்தால் வந்தது. கட்சிகளுக்குத் தேர்தல் காலத்தில் வானொலியிலே பேச இடம் கொடுத்ததே 1977இலேதான். 1990இலே பிரசார் பாரதிச் சட்டம் இயற்றி, 1997இலே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அரசின் பிடி தளரும், நிலையங்கள் தம் காலில் நிற்கும் என்று சொன்னார்கள். தன்னாட்சி கொடுக்கப் பிறந்த அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் இப்போது இன்ன பெயர் சொல் என்று உத்தரவு போடுகிறார்கள்!

2021 அக்டோபரிலே, பல மாநிலங்களில் வானொலி நிலையங்கள் தரம் இறக்கப்படுகின்றன, மூடப்படுகின்றன என்று செய்தி பரவியது. பிரசார் பாரதி மறுத்தது. எந்த மாநிலத்திலும் எந்த நிலையமும் மூடப்படவில்லை, தரம் இறக்கப்படவில்லை. அந்தந்த வட்டாரத்தின் மொழியையும் பண்பாட்டையும் மனத்திற்கொண்டு உள்ளூர் நிகழ்ச்சிகள் தொடர்ந்து தயாரிக்கப்படும் என்றது. நல்ல வாக்கு. வரவேற்கிறோம். ஆனால் மூடப்படாமல் இருப்பது வேறு, பேசிக்கொண்டிருப்பது வேறு. பலகை தொங்கும், விளக்கு எரியும், கோபுரம் நிற்கும். உள்ளே ஒலிப்பதிவு அறை பூட்டிக் கிடக்கும். அதற்கும் 'மூடவில்லை' என்றுதான் பெயர்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 சனவரியிலே வானொலி, தொலைக்காட்சிக் கட்டமைப்புக்காக மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 2,539.61 கோடி ரூபாய். பண்பலை எட்டும் மக்கள்தொகையை 68 சதவீதத்திலிருந்து 80 ஆக்குவோம், நிலப்பரப்பை 59இலிருந்து 66 ஆக்குவோம் என்று கணக்குக் காட்டினார்கள். கோபுரத்துக்குக் கணக்கு இருக்கிறது. பேசுபவருக்குக் கணக்கு எங்கே? ஒலி எட்டும் தூரத்தைச் சதவீதத்திலே அளக்கலாம். எட்டிய ஒலி யாருடையது என்பதை எந்தச் சதவீதம் சொல்லும்? மேலும் பண்பலை நேர்கோட்டிலே செல்வது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் அதன் ஆட்சி. 936 கிலோஹெர்ட்சிலே திருச்சி மத்திய அலை கடைமடை வரை தவழ்ந்து சென்றது போல அது செல்லாது. பண்பலை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? இந்தியாவிலேயே முதல் பண்பலை 1977 சூலை 23இலே சென்னையிலேதான் தொடங்கியது. அதைக் காட்டி மத்திய அலையைக் கைகழுவிவிடக் கூடாது என்பதே நம் கவலை.

இதெல்லாம் தமிழனின் தனிப் பிடிவாதம் என்று டில்லியிலே சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பார்வைக்கு வேல்ஸ் நாட்டை வைக்கிறோம். பிரிட்டனோடு சேர்ந்த சிறு நாடு. அதற்கென்று பழம்பெரும் மொழி. வேல்சு மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவோம் என்று 1979 தேர்தலிலே வாக்குக் கொடுத்த கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் கையை விரித்தது. வேல்சு தேசியக் கட்சித் தலைவர் குவின்பர் எவன்ஸ், 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று நாள் குறித்தார். இரும்புப் பெண்மணி என்று பேர் வாங்கிய தாட்சர் அம்மையாரின் அரசு செப்டம்பர் 17ஆம் நாளே இறங்கி வந்தது! 1982 நவம்பர் 1இல் வேல்சு மொழி அலைவரிசை பேசத் தொடங்கியது. பிரிட்டன் உடைந்தா போயிற்று? நம் சங்கரலிங்கனாரின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மொழிக்காக வயிற்றைக் காயப் போடும் மனிதர்கள் உலகத்திலே வேறு இடத்திலும் உண்டு என்று நாமாவது தெரிந்துகொள்ளலாம்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் டில்லியிலே இருக்கிறார்கள். ஆகாசவாணி என்ற பெயரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள், நன்று. அத்தோடு எண் கேட்க வேண்டும். திருச்சிராப்பள்ளி நிலையத்திலே, அங்கேயே தயாரித்து ஒலிபரப்பிய நிகழ்ச்சி 1990இலே நாளொன்றுக்கு எத்தனை மணி, 2010இலே எத்தனை மணி, இன்றைக்கு எத்தனை மணி? அறிவிப்பாளர், நிகழ்ச்சி அமைப்பாளர், செய்தியாளர், பொறியாளர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, நாட்கூலிக்கு அழைக்கப்படுவோர் எத்தனை பேர்? பண்ணை இல்லப் பிரிவினர் ஓராண்டிலே எத்தனை நாள் வயலுக்குப் போனார்கள்? அதிலே விவசாயக் கூலிகளின் குரல் எத்தனை நிமிடம்? 2,539.61 கோடியிலே திருச்சிக்கு வந்தது எவ்வளவு. அதிலே கோபுரத்துக்கு எவ்வளவு, ஒலிப்பதிவு அறைக்கு எவ்வளவு? மத்திய அலைக் கருவியை என்ன செய்வதாக உத்தேசம்? தமிழ் ஒலிபரப்பிலே 'வானொலி' என்று அறிவிப்பதற்கு எழுத்து மூலமான தடை ஏதேனும் உண்டா? உண்டென்றால் அதன் எண் என்ன, தேதி என்ன, கையொப்பம் இட்டவர் யார்?

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் எழுந்து நின்று விடை சொல்லியாக வேண்டும். விடை வந்ததும் எண்களை அப்படியே இந்தப் பகுதியிலே வெளியிடுவோம்.